42 நாட்களுக்குப் பிறகு பெண்ணுக்கு மருத்துவர் யார்?

மகப்பேறு மரணம் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது மகப்பேறு மரணம். தமிழ்நாட்டில் அப்படி ஓர் இறப்பு நடந்தால் யாரும் அதை எளிதில் கடந்து போவதில்லை. வலி எப்போது கண்டது, ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் ஏற்ற எவ்வளவு தாமதம் ஆனது, பணியில் இருந்த மருத்துவர் யார் என்று ஒவ்வொன்றும் விசாரிக்கப்படுகிறது. இங்கே 1990-களில் தொடங்கிய இந்தத் தணிக்கைக்குப் பலன் இருந்தது. 2001-03இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 134ஆக இருந்த மகப்பேறு மரணம் 2018-20இல் 54ஆகக் குறைந்தது. அப்போது நாட்டின் சராசரி 97. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால், பிரசவத்தில் நாம் காப்பாற்றிய அதே பெண் 48 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தால் விசாரணை எதுவும் இல்லை. இவருக்கு ஏன் ஒருமுறைகூடப் பரிசோதனை நடக்கவில்லை என்று எந்த மருத்துவரையும் எவரும் கேட்பதில்லை. இந்தப் பாராமுகத்தின் வேர், மருத்துவர்களை நாம் உருவாக்கும் முறையிலேயே இருக்கிறது. பெண்களின் உடல்நலத்துக்காக உழைக்க விரும்பும் ஓர் இளம் மருத்துவருக்கு நம் ஊரில் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. அது பிரசவ வார்டின் வாசல். அதற்குள் போனவர் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்.

அந்தப் பாதை எப்படிப் போகிறது என்று பாருங்கள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., பிறகு நீட் பி.ஜி. தேர்வு, அதில் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவத்தில் இடம் கிடைத்தால் மூன்றாண்டு எம்.எஸ். முன்பு டி.ஜி.ஓ. என்று ஈராண்டுப் பட்டயப் படிப்பு பரவலாக இருந்தது. அரசுக் கல்லூரிகளில் அந்த இடங்களில் பெரும்பாலானவை பட்ட மேற்படிப்பு இடங்களாக மாறிவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்குக் கைகொடுப்பது, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் இடம் ஒதுக்கும் சர்வீஸ் கோட்டா. தமிழ்நாடு பல காலமாகக் கொடுத்துவந்த இந்த 50 சதவீத ஒதுக்கீட்டை அகில இந்திய விதிகள் முடக்கியபோது வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அப்படி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. இவ்வளவு போராடிக் காப்பாற்றிய இடத்தில் படித்து வருபவர் என்ன செய்கிறார்? இரவு பகலாக லேபர் வார்டு டியூட்டி பார்க்கிறார். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும்போது சில நிமிடங்களில் சிசேரியனுக்கு முடிவெடுக்கிறார். உதிரப்போக்கு நிற்காத தாயை விடிய விடியப் பக்கத்திலிருந்து காக்கிறார். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. ஆனால் அவருடைய பட்டத்தின் பெயரில் மகப்பேறு, மகளிர் நோய் என்று இரண்டு பாதிகள் இருக்கின்றன. அன்றாட வேலை முதல் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது.

இந்தப் பாதையிலிருந்து விலகி நடந்தவர் வி. சாந்தா. 1949இல் எம்.பி.பி.எஸ்., 1952இல் டி.ஜி.ஓ., 1955இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. என்று அவர் படித்ததெல்லாம் இதே படிப்புதான். தேர்வாணையம் வழியாக எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் அரசு வேலையும் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண் மருத்துவருக்கு அதைவிடப் பாதுகாப்பான வாழ்க்கை இருக்க முடியாது. அவரோ 12 படுக்கைகளோடு 1954இல் தொடங்கியிருந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார். அதை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டியும் 1912இல் பட்டம் பெற்ற பிறகு எழும்பூரில் பணியாற்றியவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அன்று சென்னையில் பெண்களை அதிகம் தாக்கிய புற்றுநோய் கர்ப்பப்பை வாயில் வந்தது. பிரசவம் பார்க்கப் படித்த சாந்தா, பிரசவமெல்லாம் முடிந்த பிறகு அதே உறுப்பில் நோய் வந்து நின்ற பெண்களுக்கு மருத்துவரானார்; 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த மருத்துவமனையை விட்டுப் போகவில்லை. அவரைக் கொண்டாடும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அவர் போன வழி யாரும் போட்டுக்கொடுத்த வழி அல்ல. கையில் இருந்த வேலையை உதறிவிட்டுத்தான் அதில் கால் வைக்க முடிந்தது. 70 ஆண்டுகளுக்குப் பிறகும், அப்படி நடக்க விரும்பும் ஒரு மகப்பேறு மருத்துவருக்குத் தாலுகா மருத்துவமனையில் தனிப் பணியிடம் இல்லை. தனி மனிதரின் தியாகத்தை நம்பி ஒரு மாநிலத்தின் சுகாதாரத்தை நடத்த முடியாது.

இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதற்கு 2020ஆம் ஆண்டின் இரண்டு மதிப்பீடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். அந்த ஆண்டில் இந்தியாவில் நடந்த மகப்பேறு மரணங்கள் சுமார் 24,000. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த பெண்கள் சுமார் 77,000. மூன்று மடங்குக்கும் மேல். முன்னதற்குத் திட்டங்கள் உண்டு, பதிவேடு உண்டு, தணிக்கை உண்டு. பின்னது, வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்து நிறுத்திவிடக்கூடிய நோய். ஆனாலும் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் இதற்கு ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9 என்பதால் நாம் முன்னால் நிற்பதுபோலத் தெரியும். பத்தில் ஒன்பது பெண்கள் பரிசோதிக்கப்படவே இல்லை என்பதுதான் அந்த எண் சொல்லும் செய்தி. அதே கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ முழுமை அடைந்திருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். பிரசவத்துக்கு அநேகமாக எல்லாரும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆனாலும் பெண்களில் பாதிப் பேரின் ரத்தம் வெளுத்தே இருக்கிறது.

மருத்துவரின் பாதையை அகலப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம் போதும். 2000ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஆய்வில் 114 தொகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு விஐஏ பரிசோதனை. அதன் செய்முறை எளிது. பஞ்சை 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகர் போன்ற ஒரு கரைசலில், நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவ வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கெட்டுப்போகத் தொடங்கிய திசு இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாக எழும்பி நிற்கும். ஆய்வகம் வேண்டாம், முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர்கள் 31,343 பெண்களுக்கு இப்படிப் பார்த்தார்கள். 3,088 பேருக்குச் சந்தேகம் எழுந்தது. 1,874 பேருக்குப் புற்றுக்கு முந்திய மாற்றம் உறுதியானது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த தொகுதிகளில் புதிதாகப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. மற்றப் பாதித் தொகுதிகளின் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை ஏன் தரப்படவில்லை என்று பிற்பாடு அறநெறிக் கேள்விகள் எழுந்தன. என் பார்வையில் அவை நியாயமான கேள்விகள். அந்தப் பெண்களின் பெயரால்தான் இந்த முடிவை நாம் இன்னும் கூடுதலாக மதிக்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மாற்றம் உறுதியானவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான். வெள்ளைத் திட்டைக் கண்டுபிடிக்கச் செவிலியர் போதும். அதற்குப் பிறகு வராமல்போன பெண்ணைத் தேடி, பயம் தெளிவித்து, சிகிச்சையை முடித்து, மறு ஆண்டும் கூப்பிட்டுப் பார்க்க, அதையே தன் வேலையாகக் கொண்ட ஒரு மருத்துவர் வேண்டும்.

புற்றுநோய் சரி; சர்க்கரை நோய், இதயநோய் எல்லாம் பொது மருத்துவரின் வேலை, அதை மகப்பேறு மருத்துவர்மேல் ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்கலாம். வரப்போவதை முதலில் பார்க்கிறவர் அவர் என்பதே காரணம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போனவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை முன்னோடியாகச் செய்த மாநிலம் நம்முடையது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறது. அது இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம். ஆனால் பிரசவமும் தடுப்பூசியும் முடிந்ததும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணைக் கூப்பிட ஆள் இல்லை. பத்து ஆண்டு கழித்து அவர் மயங்கி விழும்போது பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் பழைய சர்க்கரைக் குறிப்பு தெரியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, உண்மைதான். இன்னும் நோயாளி ஆகாத, ஆகப்போகிற இந்தப் பெண்ணுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எனக்குத் தெரிந்து இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிரசவம் பார்க்கவே மருத்துவர்கள் போதவில்லை. 2018-20இல் நம்முடைய மகப்பேறு மரண எண் 54ஆக இருந்தபோது கேரளத்தின் எண் 19. லேபர் வார்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போய் ஸ்கிரீனிங்கில் உட்கார வைத்தால் தாய்மார்கள் சாவார்கள் என்று மூத்த மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். அவசர மகப்பேறு சிகிச்சை தரும் சீமாங்க் மையங்களில் ஒரு பணியிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது. காலியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே மாநிலத்தின் கருவள விகிதம் 1.8க்கு இறங்கிவிட்டது. வாழ்நாளில் இரண்டே முறை பிரசவிக்கும் பெண், அதற்குப் பிறகு 40, 45 ஆண்டுகள் வாழ்கிறார். பிறப்புகள் குறைந்துகொண்டே போகும் மாநிலத்தில், 45 வயதைக் கடந்த பெண்களின் தொகை ஏறிக்கொண்டே போகும். அவர்களுக்கான மருத்துவர்களை இன்று தயார் செய்யாவிட்டால் பதினைந்து ஆண்டு கழித்து இருக்க மாட்டார்கள். ஒரு நிபுணர் உருவாகக் குறைந்தது எட்டரை ஆண்டு பிடிக்கிறது.

இளம் மருத்துவர்களே இதற்கு வர மாட்டார்கள், இதில் வருமானமும் இல்லை பெயரும் இல்லை என்பது அடுத்த மறுப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. நம் மருத்துவப் பொருளாதாரம் பிரசவத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அதே குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 சதவீதம். கத்தி வைக்கும் வேலைக்குக் கட்டணம் உண்டு. ஒரு பெண்ணை உட்கார வைத்துக் கால் மணி நேரம் பேசி, மாதவிடாய் நிற்கும் வயதின் தொல்லைகளைக் கேட்டு, பரிசோதித்து அனுப்பும் வேலைக்குக் கட்டணமும் இல்லை, பதவி உயர்வில் மதிப்பெண்ணும் இல்லை. அதைக் கொடுத்தால் வருவார்களா என்று ஒருமுறையாவது கொடுத்துப் பார்த்த பிறகுதான் வர மாட்டார்கள் என்று சொல்ல முடியும். கூச்சத்தால் பெண்களே பரிசோதனைக்கு வர மாட்டார்கள் என்பாரும் உண்டு. கால் நூற்றாண்டுக்கு முன்பு, திண்டுக்கல் கிராமங்களில், அழைக்கப்பட்டவர்களில் 63.6 சதவீதம் பேர் வந்தார்கள்.

செய்ய வேண்டியவற்றில் சில பணம் கேட்பவை. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பிரசவ டியூட்டி இல்லாத மகளிர்நல மருத்துவர் பணியிடம் ஒன்று வேண்டும். 60 வயதுக்குள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நிகழும் ஒவ்வொரு இறப்பையும், மகப்பேறு மரணத்தைத் தணிக்கை செய்வதுபோலவே தணிக்கை செய்ய வேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் விஐஏ போன்ற பரிசோதனைகளில் தேர்ச்சி பெற்றால் அது அவருடைய பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். பணம் கேட்காத ஒன்றும் இருக்கிறது. இன்றைய விதிப்படி ஒவ்வொரு பட்ட மேற்படிப்பு மாணவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றியே ஆக வேண்டும். மகப்பேறு மாணவர்கள் அங்கேயும் பெரும்பாலும் லேபர் வார்டைத்தான் பார்க்கிறார்கள். அந்த மூன்றில் ஒரு மாதத்தை விஐஏ, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, மார்பகப் பரிசோதனை நடக்கும் ஓ.பி.க்கும் கிராமப்புற முகாம்களுக்கும் ஒதுக்கினால், ஒவ்வொரு ஆண்டும் படித்து வெளியே வரும் அத்தனை பேருக்கும் 42 நாட்களுக்குப் பிந்தைய பெண் அறிமுகமாகிவிடுவார். இதற்குச் சட்டம் தேவையில்லை, சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த அணி மாணவர்கள் மாவட்டங்களுக்குக் கிளம்பும் முன் அது வெளிவர வேண்டும்.