ஊதா விளக்குக்கு ஏன் இத்தனை விலை?

வீட்டுக்குள் வளரும் செடிகளுக்கென்று இணையக் கடைகளில் ஊதா நிற எல்இடி விளக்குகள் குவிந்து கிடக்கின்றன. விரும்பிய பக்கம் வளைக்கக்கூடிய கழுத்து, தொட்டியைக் கவ்விக்கொள்ளும் கிளிப், கைப்பேசி சார்ஜரில் செருகும் யூஎஸ்பி வயர். பெட்டியின் மேல் 40 வாட், 60 வாட், 80 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சாதாரண யூஎஸ்பி சார்ஜர் தருவது 5 வோல்ட், 2 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 10 வாட். அதற்கு மேல் மின்சாரம் அந்த வயர் வழியாக வர வழியே இல்லை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கும் கணக்குதான் இது. அப்படியிருந்தும் 80 வாட் என்ற எண்ணை நம்பி எத்தனையோ பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இந்த விளக்கைத் தேடுவோர் இருப்பதற்குக் காரணம் உண்டு. மனைகள் சிறுத்துவிட்டன. சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. வாடகை வீடென்றால் மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். ஆசையாக வாங்கி வந்த மணி பிளான்ட், கூடத்து மூலையில் இரண்டு மாதம் இருந்த பிறகு இலை சிறுத்து, தண்டு நீண்டு, வெளுத்துப்போகிறது. உரம் போதவில்லை என்று உரம் போடுகிறார்கள். தண்ணீர் போதவில்லை என்று தண்ணீரை ஊற்றி வேரை அழுக வைக்கிறார்கள். அதன் பிறகுதான் வெளிச்சத்தைப் பற்றிய யோசனை வருகிறது. யோசனை சரியானதே. ஆனால் அதற்கு ஊதா விளக்கு தேவையில்லை. மின்சாதனக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை எல்இடி டியூப்லைட் போதும். இதைத் தெளிவாகச் சொல்ல விற்பவர்கள் யாரும் முன்வருவதில்லை.

இந்த இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கின்றன. டிசம்பரில்கூடப் பகல் பொழுது 11 மணி நேரத்துக்குக் குறையாது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அதே நேரத்தில் ஜன்னல் ஓரத்து நிழலில் சில ஆயிரம் லக்ஸ். ஜன்னலிலிருந்து ஆறேழு அடி உள்ளே வந்தால் சில நூறுதான். மனிதக் கண் இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்காது. கண்பாவை விரிந்து குறைந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால், கூடம் நல்ல வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். இலைக்கு அந்த வசதி கிடையாது. விழுகிற ஒளியில்தான் அது சமைத்துச் சாப்பிட வேண்டும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் குறைவுதான்; ஆனால் எந்த மூலை 200, எந்த மூலை 2,000 என்று தெரிந்துகொள்ள அவை போதும். விளக்கு வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்தச் செலவில்லாத வேலையைச் செய்துவிட்டால், பாதிப் பேர் தொட்டியை நாலடி நகர்த்தி வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வானூர் வட்டத்தில் இருக்கும் ஆரோவிலுக்குப் போய்வந்தவர்களுக்கு மாத்ரி மந்திரின் உள்ளறை நினைவிருக்கும். ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள், சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடி ஒன்றின் மூலம் வெயிலை இறக்கி நடுவிலுள்ள படிகக் கோளத்தின் மீது விழச் செய்திருக்கிறார்கள். வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்கு வெள்ளையடிப்பதும், தொட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துவதும் காசு கேட்காத வேலைகள்.

சரி, ஊதா நிறம் எங்கிருந்து வந்தது? இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகமாக உறிஞ்சுகிறது என்பது உண்மை. அந்த இரண்டு நிறத்தை மட்டும் தந்தால் மின்சாரம் வீணாகாது என்ற கணக்கில் தொடக்ககால எல்இடி விளக்குகளைச் செய்தார்கள். நீலமும் சிவப்பும் கலந்தால் கண்ணுக்கு ஊதா. ஆனால் பச்சை ஒளி செடிக்குப் பயன்படாது என்பது தவறு. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறத்திலும் சோதித்து, பச்சையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடப்பதைக் காட்டினார். பச்சை ஒளி இலையின் ஆழத்துக்குள் ஊடுருவி, மேற்பரப்புக்குக் கீழே உள்ள செல்களுக்கும் போய்ச் சேருகிறது. நாசா 2014-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய 'வெஜி' செடிப் பெட்டியில்கூட சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியையும் சேர்த்தார்கள். அங்கே விளைந்த லெட்யூஸ் கீரையை 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் சாப்பிட்டார்கள்.

ஊதா ஒளிக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் கீழே இலை மஞ்சளாவது தெரியாது. செம்பேனோ மாவுப்பூச்சியோ பிடித்தால் தாமதமாகத்தான் கண்ணில் படும். கூடத்தில் மாலை முழுவதும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது வீட்டாருக்கும் சுகமில்லை.

வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை உள்வாங்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றித் தருகிறது. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, செடிக்கு வேண்டிய எல்லா நிறமும் வெள்ளையிலேயே இருக்கிறது. விலையும் வீழ்ந்துவிட்டது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசின் நிறுவனம் மொத்தமாக வாங்கிய எல்இடி பல்பின் கொள்முதல் விலை, 2014-ல் 310 ரூபாயாக இருந்தது, 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. வீட்டு விளக்கில் மக்களுக்குக் கிடைத்த இந்த மலிவு, செடி விளக்கு என்று பெயர் மாறியதும் ஏன் காணாமல் போக வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கடி நீளமுள்ள 20 வாட் டியூப்லைட் சுமார் 2,000 லூமென் வெளிச்சம் தரும். பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். நான்கடி நீளம், ஓரடி அகலமுள்ள ஒரு தட்டுக்கு அரையடி உயரத்தில் அதைப் பொருத்தினால், பக்கவாட்டில் சிதறுவது போக, இலைகளின் மேல் ஏறத்தாழ 3,500 லக்ஸ் விழும். மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, ஸ்பைடர் பிளான்ட், சிங்கோனியம் போன்றவை பிழைப்பதற்கு மட்டுமல்ல, புது இலை விடுவதற்கும் இது போதும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் செலவு 0.24 யூனிட், இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்கும் குறைவு. தொடக்க யூனிட்டுகள் இலவசம் என்றாலும் மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் அதை எளிதில் தின்றுவிடும் என்பதால், இந்த 15 யூனிட்டைக் காசு கொடுக்கும் கணக்கில்தான் வைக்க வேண்டும். 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடுகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்குள்ள சலுகையும் போய்விடும்.

இதே கணக்கைக் கீரைக்குப் போட்டால் கதை மாறுகிறது. அரைக்கீரையோ சிறுகீரையோ ஒழுங்காக விளைய, அதே தட்டின் மேல் அப்படிப்பட்ட டியூப்லைட் குறைந்தது நான்கு வேண்டும். இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் ஆகும். நான்கு சதுர அடியில் கிடைக்கும் கீரை சில கட்டுகளைத் தாண்டாது. உழவர் சந்தையில் அந்தக் கீரை மின்கட்டணத்தைவிட மலிவாகக் கிடைக்கும். சுற்றிலும் மல்லாட்டையும் (நிலக்கடலை) நெல்லும் கரும்பும் விளையும் மாவட்டத்தில், வெயிலை வெளியே விட்டுவிட்டு மின்சாரத்தில் கீரை வளர்க்கச் சொல்வது வீண் செலவு. துளசி, கறிவேப்பிலை, தக்காளி, மிளகாய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இவை வெயில் குடிக்கும் செடிகள். வாசற்படியோ பால்கனியோ மாடியின் ஒரு மூலையோ, அங்கேதான் இவற்றின் இடம். கூடத்து இருட்டில் ஒரு துளசிச் செடி வாடிக்கொண்டிருந்தால் அதை வெளியே எடுத்து வைப்பதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

விளக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் பருவம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வானம் நாள்கணக்கில் மூடியே கிடக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட மாதங்களில் ஜன்னலோரச் செடிக்கும் மாலையில் சில மணி நேர வெளிச்சம் உதவும். மின்சாரம் நாலைந்து நாள் இல்லாமல் போனாலும் பதற வேண்டாம். இலைச்செடிகள் அதைத் தாங்கும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பெங்களூருவைச் சுற்றியுள்ள சாமந்தித் தோட்டங்களில் இரவில் ஆயிரக்கணக்கான பல்புகள் எரிவதைப் படத்தில் பார்த்தவர்கள், பல்பு வெளிச்சத்திலேயே பயிர் வளர்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே நடப்பது வேறு. சாமந்தி, இரவு நீண்டால்தான் பூக்கும் செடி. நடு இரவில் விளக்கு போட்டு இருட்டைத் துண்டித்தால் அது மொட்டு வைக்காமல் உயரமாக வளர்ந்துகொண்டே போகும். விவசாயிகள் போதிய வளர்ச்சி வந்ததும் விளக்கை நிறுத்தி, பண்டிகைக் காலத்துக்குப் பூவைக் கொண்டுவருகிறார்கள். வியட்நாமின் பின்துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறாக, விளக்கு போட்டுப் பருவமில்லாக் காலத்தில் பூக்க வைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் சாப்பாடு போடுவது பகல் வெயில். இரவு விளக்கு தருவது ஒரு குறிப்பு மட்டுமே. அதனால்தான் மங்கலான பல்பு அங்கே போதுமானதாக இருக்கிறது. கூடத்துச் செடிக்கு அப்படியொரு 9 வாட் பல்பை உத்தரத்தில் மாட்டினால் எந்தப் பயனும் இல்லை.

விலை உயர்ந்த விளக்குகள் எங்கே தேவை என்பதற்கும் இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டிஎம்வி 2 நிலக்கடலை ரகம், குடியாத்தம் பகுதிக் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. நாடெங்கும் பரவி, பல தலைமுறை விவசாயிகளுக்குச் சோறு போட்டது. இப்படி ஒரு புது ரகம் உருவாக, பருவத்துக்குப் பருவம் காத்திருந்து பல தலைமுறைச் செடிகளைக் கடக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய கூடத்தில் தொடர் வெளிச்சம் கொடுத்து அந்தக் காத்திருப்பை நிலக்கடலையில் கணிசமாகக் குறைக்க முடியும் என்று 2013-ல் காட்டினார்கள். ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய கூடத்தை அமைத்திருக்கிறது. லட்சக்கணக்கான ரூபாய் விளக்குக்கு அங்கே பொருள் உண்டு. அது பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய வேலை. திண்டிவனத்துக்கும் அப்படியொரு கூடம் கிடைக்க வேண்டும்.

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை சிலதான். பெட்டியில் லூமென் எண் இருக்க வேண்டும். அதை வாட்டால் வகுத்தால் 100 அல்லது அதற்கு மேல் வரவேண்டும். பிஐஎஸ் தர முத்திரையும் R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெள்ளையின் சாயலைக் குறிக்கும் 4000 கெல்வின், 6500 கெல்வின் இரண்டும் இலைச்செடிக்கு ஒன்றுதான். கண்ணுக்கு இதமானது முதலாவது. விளக்கை இலையிலிருந்து அரையடி முதல் ஓரடிக்குள் வைக்க வேண்டும். தூரம் கூடக்கூடப் பலன் மளமளவென்று குறையும். மறதிக்காரர்களுக்கு ஒரு டைமர் பிளக் உதவும். செடிக்கு இருட்டும் வேண்டும். தண்ணீர் ஊற்றும் இடத்தில் மின்சாரம் வருகிறது என்பதால் வயரைத் தட்டின் மேல்புறமாகக் கொண்டுபோய், எர்த் உள்ள பிளக்கில் செருகி, தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்துவிட வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

செடி விளக்கு என்று விற்கும் எதற்கும், அது உண்மையில் இழுக்கும் வாட்டையும், ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி தருகிறது என்ற எண்ணையும் பெட்டியில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். விளக்கு தரும், செடிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் அலகு அதுதான். நல்ல தயாரிப்பாளர்கள் அதை ஏற்கெனவே தருகிறார்கள். '1000 வாட்டுக்குச் சமம்' என்ற வாசகத்தைத் தடை செய்ய வேண்டும். சட்டம் வரும்வரை, திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் ஒரு காரியம் செய்யலாம். ஒரே நாளில் வேர்விட்ட மணி பிளான்ட் தொட்டிகளை இரண்டு தட்டில் வைத்து, ஒன்றின் மேல் கிளிப் ஊதா விளக்கும் மற்றொன்றின் மேல் சாதாரண டியூப்லைட்டும் மூன்று மாதம் எரியட்டும். இரண்டின் பக்கத்திலும் விலைச்சீட்டையும், ஒரு சின்ன மீட்டரில் ஓடிய யூனிட்டையும் எழுதி வைத்தால், விதை வாங்க வருகிற விவசாயியும் செடி வாங்க வருகிற இல்லத்தரசியும் நேரில் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.