சுளுக்கு சரியான பிறகும் கால் ஏன் மறுபடி பிசகுது? வீரர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

2023 அக்டோபர் 19. புனேவில் வங்கதேசத்துக்கு எதிரான உலகக்கோப்பை ஆட்டம். லிட்டன் தாஸ் அடித்த பந்தைக் காலால் தடுக்கப் போன ஹர்திக் பாண்டியாவின் இடது கணுக்கால் மடங்கியது. நவம்பர் 4-ம் தேதி, தொடரில் இருந்தே அவர் விலக வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் இருந்து இறங்கும்போது நமக்கும் இப்படித்தான் பிசகும். ஆனா நாம என்ன செய்றோம்? ரெண்டு நாள் தைலம், வீக்கம் வடிஞ்சதும் பழையபடி நடை. சிக்கலே அங்கதான்.

தசை பலம் மட்டும் போதுமா?

கணுக்காலைத் தாங்குபவை கெண்டைக்கால் தசை, பாதத்தைத் தூக்கும் முன்பக்கத் தசை, பாதம் உள்பக்கம் மடங்காமல் பிடிக்கும் வெளிப்பக்கத் தசை. இவற்றுக்குச் சரியான நேரத்தில் உத்தரவு போக வேண்டும். 'பாதம் எந்தக் கோணத்தில் இருக்கு' என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு உணர்வுகள் மூட்டிலும் தசைகளிலும் இருக்கின்றன. சுளுக்கில் தசைநார் கிழிந்தால் இந்தத் தகவலும் தடுமாறும். வலி போனாலும் தடுமாற்றம் நீடிக்கலாம். அதனால்தான் ஒருமுறை பிசகின கால் மறுபடி பிசக வாய்ப்பு அதிகம்.

விளையாடினாலே சமநிலை வந்துடுமா?

வராது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், சமநிலையில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் முதலிடம், அடுத்து கால்பந்து வீரர்கள். கூடைப்பந்து வீரர்களோ, சாதாரணமாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் பின்னால்தான் இருந்தார்கள். கால்பந்தில் ஒற்றைக் காலில் நின்றுதான் உதைக்க வேண்டும். எதைப் பழக்குறோமோ, அதுதான் வரும். காயமடைந்த வீரருக்கு ஃபிசியோக்கள் ஒற்றைக் கால் பயிற்சி கொடுப்பதும் இதற்காகவே. நமக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்?

உலகில் ஆண்டுக்குச் சுமார் 6.84 லட்சம் பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். 2022-ல் வெளியான பிரேசில் ஆய்வில், 51 முதல் 75 வயதுக்குட்பட்ட 1,702 பேரில் ஐந்தில் ஒருவரால் 10 விநாடிகூட ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

சுவரைப் பிடிக்கும் தூரத்தில் நின்று, ஒவ்வொரு காலிலும் 10 விநாடி நில்லுங்கள். பழகியதும் 30 விநாடி. பிறகு இரு குதிகால்களையும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். வயதானவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். பிசகிய காலை ஊன்றி நாலு அடிகூட வைக்க முடியலைன்னா, சுளுக்கு வழிக்கப் போகாதீங்க. எலும்பு முறிவாக இருக்கலாம், முதலில் டாக்டரைப் பாருங்க.