கணினி அறையின் திறவுகோல்

ஒரு கல்லூரி விழாக் கொண்டாடும் காலத்திற் பழைய மாணவர் ஒன்றுகூடுதல் இயல்பு, கூடியவர் "கல்லூரித் தாய்க்கு யாது செய்வோம்?" என்று வினாவுதலும் இயல்பு. முன்னாளில் அவ்வினாவுக்கு விடை கிணறு, மணிக்கூண்டு, நூல்நிலையத்துக்கு அலுமாரி எனப் பலவாறாக வந்தது. இந்நாளில் விடை ஒன்றே: "கணினி வாங்கிக் கொடுப்போம்." இதனைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம், ஆயினும் முற்றாக உடன்பட்டோமில்லை. உடன்படாமைக்குரிய காரணங்களை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைத்தல் எமது கடமையென எண்ணுகின்றோம்.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுகின்றோம். புதுப் பொறிகளைக் கண்டு முகஞ் சுளிக்கும் கூட்டத்தை நாம் சேர்ந்தவரல்லோம். வெலிமடைத் தபாற் கந்தோரிலே 'ட்ரங்க் கோல்' பதிந்துவிட்டு, குளிருக்குக் கம்பளியை இறுகப் போர்த்திக்கொண்டு, கொழும்பின் குரல் கிடைக்கும் வரை வாங்கிலே காத்திருந்த நாட்களை நாம் மறக்கவில்லை. இன்று உருளைக்கிழங்குப் பாத்தியில் நின்றவாறே ஒருவர் கெப்பெட்டிபொலச் சந்தையின் அன்றைய விலையைக் கேட்டறிகின்றார். லயத்து அறையிலிருந்தபடி ஒரு தாய், மத்திய கிழக்கிலே வேலை செய்யும் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றாள். இவற்றைக் குறை சொல்வோர் பிரிவின் துயர் அறியாதவரே.

எமது குறை பொறியின்மேலன்று. அதனை வாங்கும் எங்கள் மனத்தின்மேல். கைத்தொலைபேசி வாங்கக் கடைக்குச் செல்வோர் கேட்பன யாவை? படம் எத்துணைத் தெளிவாக விழும்? மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்? இவ்விரண்டுங் கேட்டபின் விலையைக் கேட்பர். 'இதில் தமிழ் எழுதுவது எவ்வாறு?' என்று கேட்பவரை நாம் கண்டது அரிது. விலையோ சிறிதன்று. 2021 ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி 30,000 ரூபாய்க் கைத்தொலைபேசி என்பது முப்பது நாட்கள் மலையேறிக் கொழுந்து பறித்த கூலியாகும். மறு ஆண்டு நாணயம் சரிந்தது. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாய் அளவை எட்டிற்று; இறக்குமதிப் பொருளாகிய கைத்தொலைபேசியின் விலையும் உடன் ஏறிற்று. இவ்வளவு கொடுத்து வாங்கிய பொருளிலே தன் பெயரைத் தன் எழுத்தில் எழுத அறியாதிருத்தல் நட்டமன்றோ?

எங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதுகின்றனர், ஆனால் உரோம எழுத்தில் எழுதுகின்றனர். சென்ற மாரிகாலத்தில் எமக்குத் தெரிந்த மாணவன் ஒருவன் ஒரு செய்தி அனுப்பினான். 'பலம் உடைந்துவிட்டது, வரவேண்டாம்' என்று அதனைப் படித்தோம். யாருடைய பலம் உடைந்ததோ, ஆறுதல் கூறிவருவோம் என்று கவலையோடு புறப்பட்டோம். உடைந்தது பாலம் என்பது ஆற்றங்கரையிற் போய் நின்றபோதே விளங்கிற்று. பலம், பழம், பாலம் ஆகிய மூன்றும் அவ்வெழுத்தில் ஒரே உருவங் கொள்ளும். இது சிரித்து மறக்கத்தக்க சங்கதி. சிரிக்க முடியாத சங்கதியும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் மற்றொருவிதமாகவும் உரோம எழுத்திற் பெயர் பதியப்பட்டமையால், வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த ஓய்வுப் பணத்தைப் பெற அலைந்த முதியவர்களைத் தோட்டங்களில் அறியாதார் யார்? ஓர் எழுத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும்.

தமிழெழுத்துப் பொறிக்குள் வந்த வரலாறு எம்மவர் உழைப்பின் வரலாறு ஆதலின், அதனைச் சிறிது கூறுதல் தகும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா நாடு சென்ற ஆர். முத்தையா அவர்கள், தமிழுக்கென ஒரு தட்டெழுத்துப் பொறியை அமைத்தார். அது ஜேர்மனியிலே செய்விக்கப்பெற்றது. பின்னர்க் கணினி வந்தது. ஆளுக்கோர் எழுத்துருவைச் செய்துகொண்டார்கள். இலங்கையிற் 'பாமினி' என்னும் எழுத்துரு அச்சகம், பத்திரிகை, பாடசாலை என எங்கும் பரவிற்று. அது செய்த நன்மை பெரிது; ஆயினும் அதில் ஒரு மயக்கம் இருந்தது. பாமினியில் நாம் எழுதுவது கண்ணுக்குத் தமிழ். கணினியின் உள்ளத்திலோ உரோம எழுத்து. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்னுஞ் சொல்லைத் திறந்தால், நான்கு உரோம எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே தோன்றும்.

இம்மயக்கத்தில் நாமும் ஒருமுறை அகப்பட்டோம். தோட்டத்துப் பாதையைத் திருத்தித் தருமாறு கேட்டு, அலுவலகம் ஒன்றுக்குத் தமிழிலே ஒரு விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆதலாற் பெருமிதத்தோடுதான் அனுப்பினோம். "எழுத்துக்கள் சிதைந்துள்ளன, ஆங்கிலத்தில் அனுப்புக" என்று பதில் வந்தது. சினந்தோம், மொழியை அவமதித்தனர் என்று பேசினோம். பின்னரே பிழை எங்கள் பக்கத்திலும் உண்டென உணர்ந்தோம். சட்டம் தந்த உரிமையை நாம் பழைய எழுத்துருவிற் கட்டி அனுப்பியிருந்தோம்.

இதற்குப் பரிகாரம் அப்போதே உலகில் இருந்தது. ஒருங்குறி என்னும் முறையின் முதற் பதிப்பு 1991 இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதன்படி ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண். அகரத்துக்கு 2949, ககரத்துக்கு 2965. வெலிமடையிற் தட்டினும் ரொறன்ரோவிற் தட்டினும் எண் மாறாது. பயன் இம்மட்டன்று. 'கொழுந்து' என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் அச்சொல் கொம்பிலே தொடங்கும். ஆதலால் அகரவரிசைப்படுத்தச் சொன்னாற் கணினி அதனைக் ககரத்தின்கீழ் வையாது. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக, நாம் ஒலிக்கும் முறையிலேயே நிற்கும். அகராதியும் தேடலும் இவ்வொழுங்கின் மேலேயே எழுந்தன.

இவ்வொழுங்கு தானாக வந்ததன்று. 1997 இற் சிங்கப்பூரிலும் 1999 இற் சென்னையிலும் தமிழறிஞரும் பொறியியலாளரும் கூடி ஆய்ந்தனர். சென்னை மகாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை தோன்றியது. 2000 இல் உத்தமம் என்னும் அமைப்பு உருவாயிற்று. இலங்கையிலும் தமிழ்க் குறியீட்டுக்கெனத் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரம் 2008 இல் வகுக்கப்பட்டது. ஆகவே இன்று விற்கப்படும் கைத்தொலைபேசிகளிலே தமிழ் விசைப்பலகை காத்திருக்கின்றது. குறை, அதனைத் திறந்து பார்க்கும் பழக்கம் எங்களிடம் இல்லாமையே. எம்மை முன்னிறுத்தியே சொல்கின்றோம்: நாமும் முதுமை வந்தபின், பேரப்பிள்ளையின் அருகிருந்தே அதனைக் கற்றோம். முதல் நாள் ஒரு வரிக்கு அரைமணி நேரம். இரண்டாம் வாரத்திற் கைக்கு வந்துவிட்டது.

இனிக் கணினி அறைக்கு வருவோம். 2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்குச் சென்றன. 2021 இலே, எங்கள் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த பொகிட்டியாவ என்னுங் கிராமத்தில், ஆசிரியரும் மாணவரும் காட்டுவழியே நடந்து குன்றின் உச்சியேறி அலைவரிசை பிடித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. தோட்டங்களில் நிலை வேறன்று. வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதனையும் தந்தை கொழும்புக்கு வேலைக்குக் கொண்டு சென்றுவிடுவார். மூன்று பிள்ளைகள் அவர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருப்பர். அந்நாட்களில் மலைநாட்டுப் பாடசாலையொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். நன்கொடையாக வந்த கணினிகள் பத்து, உறை கழற்றப்படாமல் ஓர் அறையில் இருந்தன. அறை பூட்டியிருந்தது. முன்னிருந்த ஆசிரியர் மாற்றலாகிச் சென்றுவிட்டார். கடவுச்சொல் அவரோடு போயிற்று. அச்சுப்பொறியின் மை காய்ந்திருந்தது. சுவரில், கொடையாளரின் பெயர் பொறித்த கல் மட்டும் பளபளத்தது.

அக்கல்லைப் பார்த்து நின்றபோது எமக்குத் தோன்றிய எண்ணமே இக்கட்டுரையின் பொருள். கணினி கிணறு போன்றதன்று. கிணற்றை ஒருமுறை வெட்டினால் ஊற்று ஊறிக்கொண்டிருக்கும். கணினியோ வாங்கிய நாளிலிருந்து முதுமையடையும், ஆளில்லாவிடின் உறங்கும். பொறி கெடாவிடினும் மென்பொருளின் ஆயுள் முடியும். மைக்ரோசொப்ட் நிறுவனம் வின்டோஸ் 10 இற்கான பொது ஆதரவை 2025 ஒக்ரோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. நல்ல நிலையில் ஓடும் கணினிகள் பல அதனாற் பழசு எனப் பெயர்பெற்றன. வாங்குவோர் விரும்பியோ விரும்பாமலோ மீண்டும் வாங்கவேண்டும் என்பதே இவ்வியாபாரத்தின் போக்கு. இதற்கு மாற்று இல்லாமலில்லை. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ், பழைய கணினியிலும் ஓடும் பதிப்புக்களோடு இலவசமாகக் கிடைக்கின்றது. லிப்ரே ஒபிஸ் என்னும் எழுத்து, கணக்கு மென்பொருளைத் தமிழ்ப் பட்டியல்களோடே பயன்படுத்தலாம். இவற்றை நிறுவித்தர ஆள் வேண்டும், அவ்வளவே.

"கணினிக்கு ஆங்கிலமன்றோ வேண்டும், தமிழ் தமிழ் என்று பிள்ளைகளைப் பின்தள்ளலாமா?" என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். நேர்மையான வினா. ஆங்கிலம் வேண்டும், அதனை எவரும் மறுக்கவில்லை. சிங்களமும் வேண்டும், ஊவாவில் வாழும் எமக்கு அதனை எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனாற் கணினி எம்மொழிக்கும் உறவன்று. அது அறிந்தது எண்ணை மட்டுமே. தாய்மொழியில் முதற் கதவைத் திறந்த பிள்ளை அடுத்த கதவை அச்சமின்றித் திறக்கும். முதற் கதவே அந்நிய மொழியிற் பூட்டியிருந்தால், விளையாட்டும் படமும் பார்த்துவிட்டு வாசலிலேயே இருந்துவிடும்.

எங்கள் நாட்டவருக்குப் பொறியை ஆக்கும் வல்லமை இல்லையென்று எண்ணுவோருக்கு இரண்டு சான்றுகள். 2004 டிசெம்பர் 26 ஆந் தேதி ஆழிப்பேரலை தாக்கியபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிந்துகொள்ளச் 'சஹானா' என்னும் மென்பொருளை இலங்கைத் தன்னார்வலர் ஆக்கினர்; பின்னர் அது பிறநாட்டு அனர்த்தங்களிலும் உதவிற்று. மாலபேயில் இயங்கிய மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தின் மென்பொருட் திறத்தைக் கண்டு, இலண்டன் பங்குச் சந்தை 2009 இல் அந்நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 இல் உருவானது. வழி அண்மையில்தான் இருக்கின்றது. லயத்துப் பிள்ளையின் காலடியிலிருந்து அவ்வழி தொடங்கவில்லை என்பதே எமது கவலை.

ஆதலிற் பழைய மாணவர் சங்கத்துக்கு எமது வேண்டுகோள் நான்கு. முதலாவது: இருபது கணினிக்குச் சேரும் பணத்திற் பத்தை மட்டும் வாங்குக, மிகுதியை இரண்டாண்டுகளுக்கு ஒரு பயிற்றுநரின் சம்பளமாகவும் திருத்தச் செலவாகவும் வைத்திடுக. இரண்டாவது: ஆறாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழ் விசைப்பலகையே முதற் பாடமாகட்டும். மூன்றாவது: வாரத்தில் இரு மாலைப்பொழுதுகள் அவ்வறை பெற்றோருக்குத் திறந்திருக்கட்டும், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய் தன் விண்ணப்பத்தைத் தன் மகளின் கையால், தன் மொழியில், அங்கேயே எழுதுவித்துக்கொள்ளலாம். நான்காவது: நமது கல்லூரியின் பழைய மலர்களையெல்லாம் மாணவரே படியெடுத்து இணையத்திற் சேர்க்கட்டும். 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலரின் கைகளாலேயே வளர்ந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு, ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் ஏட்டின் கதி யாதென்று சொல்லவேண்டுவதில்லை.

கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறித்தல் தவறன்று. ஆயின் எமக்கோர் ஆசை. அடுத்த விழா மலர் வெளிவரும்போது, அதன் பக்கங்களை அந்த அறையிலிருந்து பிள்ளைகளே தமிழிற் தட்டெழுதி அச்சுக்கு அனுப்பவேண்டும். அதுவே கொடைக்குச் சான்று. கணினி அறைக்குத் திறவுகோல் ஒன்று உண்டு. அது கடையில் விற்கப்படுவதன்று, கற்பிக்கும் ஒருவரின் கையில் இருப்பது. அக்கைக்கு ஊதியம் கொடுக்க முன்வருவோமாக.