பாக்கின் பிரெலூடும் டிஜிட்டல் பியானோவும்

தந்தியும் சுத்தியும் உடைய பெரும்பியானோ வாய்க்கப்பெறாதார், யோஹன் செபாஸ்டியன் பாக் என்னும் ஜெர்மானிய இசைப் பேரறிஞரின் இயற்றல்களைத் தீண்டலாகாதென்று கூறுவாருமுளர். டிஜிட்டல் பியானோ அன்னார்க்குப் போலி வாத்தியம். அக்கூற்றை நம்பி, ஆர்வமுள்ள மாணாக்கர் சிலர் கற்கத் தொடங்குமுன்னரே கைவிடுகின்றனர். அது பொருந்தாக் கூற்றென்பதே எமது துணிபு.

1722-ஆம் ஆண்டில் பாக் தொகுத்த முதற்றொகுதியில், மேஜரும் மைனருமாகிய 24 சுருதிகளுக்கும் ஒவ்வொரு பிரெலூடும் பியூகும் உள. அத்தொகுதியின் பெயரில் வரும் கிளாவியர் என்பது, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியங்களின் பொதுப்பெயரேயாம். ஹார்ப்ஸிகார்டில் தந்தியை இறகின் முள் மீட்டும். கிளாவிகார்டின் ஒலியோ ஓர் அறையைத் தாண்டுவதரிது. இற்றைநாட் கச்சேரிப் பியானோவை அவர் கண்டிலர். அது மட்டும் எங்ஙனம் மெய் வாத்தியமாயிற்று? முதற் பிரெலூடின் முந்திய வடிவம், தம் மூத்த மகன் ஒன்பது வயதினனாயிருந்த 1720-இல் அவன் பயிற்சிக்கென்று பாக் தொடங்கிய சுவடியிலேயே காணப்படுகின்றது.

நிற்க. குறை வாத்தியத்திலன்று, வாசிப்பார்பாலது. ஸி மேஜரிலமைந்த இப்பிரெலூடில் 35 பார்கள். அவற்றுள் முதல் 32-இலும் இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று என ஐந்து ஸ்வரங்கள் ஒரே ஒழுங்கில் இருமுறை வரும். விரல்கள் இதனை விரைவிற் பழகிவிடும். காற்பெடலையும் அழுத்திவிட்டால் எல்லாம் இனிய மூடுபனியாய்விடும். கேட்போர் புகழ்வர், வாசித்தவர் ஒன்றும் அறிந்திலர்.

ஆதலின் முதலிற் காலை எடுத்துவிடுக. ஐந்து ஸ்வரங்களையும் ஒருங்கே அழுத்திக் கார்டாகக் கேட்க. இரண்டாம் பாரில் மேலுள்ளவை டி, எஃப், ஏ என மாறியும், அடியிலுள்ள ஸி அசையாது நின்று உறுத்தும். மூன்றாம் பாரில் அது பி-க்கு இறங்குங்கால் உண்டாகும் ஆறுதலைச் செவி உணர்ந்தபின்னரே, அடுத்த பாரில் ஸி மீள்வதன் சுவை விளங்கும்.

22-ஆம் பாரின் அடிஸ்வரம் எஃப் ஷார்ப். அடுத்தது ஏ பிளாட். நடுவிலுள்ள ஜி-யைத் தாண்டிச் சென்றபின்னரே 24-ஆம் பாரில் அதன்மேல் வந்து நிற்கின்றது. இத்தாவலைப் பிழையென்றெண்ணிப் போலும், ஷ்வெங்கே என்பார் இடையே ஒரு பாரைப் புகுத்தினார். பழைய பதிப்புக்கள் சிலவும், இப்பிரெலூடின்மேல் 1853-இல் பாட்டமைத்த கூனோவும் அதனை ஏற்றனர். எமக்கோ அது தேனிற் பெய்த நீராகவே படுகின்றது. அடக்கிவைத்த ஜி-யை முன்னரே வெளிப்படுத்திவிட்டால், பின்னர் எட்டுப் பார்கள் தம்புராச் சுருதிபோல் அது நிலைத்து நிற்பதன் பெருமை யாது?

இங்குதான் இகழப்பட்ட வாத்தியம் உதவுகின்றது. டிஜிட்டல் பியானோக்கள் பலவற்றில் ஹார்ப்ஸிகார்டின் ஒலியும் உண்டு. அதனைத் தெரிந்து, பெடலின்றி வாசிக்க. சுருதி மாற்றும் பொத்தானையும் தொடற்க. 24 சுருதிகளிலும் விரல் பழகவென்றே எழுந்த நூலை ஒரு பொத்தானால் எளிதாக்குதல் விந்தையன்றோ! விரலின் வன்மை மென்மைகளும் பெடலின் பூச்சும் ஆண்டு உதவா. ஒவ்வொரு ஸ்வரமும் எத்துணை நேரம் நிற்கின்றது, எப்பொழுது எழுகின்றது என்பன மட்டுமே எஞ்சும். இடக்கையின் இரண்டு கட்டைகளையும் அழுத்தியே வைத்திருக்குமாறு பாக் எழுதியிருப்பதன் காரணம் அப்பொழுது புலனாம்.