சூடோ போட்டால் சரியாகிவிடாது

2011-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது அதில்தான். அன்றிலிருந்து சீனியர் சொல்லி ஜூனியர் பிடித்துக்கொண்ட நம்பிக்கை ஒன்று வேரோடிக் கிடக்கிறது: எந்தச் செயலி முரண்டு பிடித்தாலும் முன்னால் 'சூடோ' கட்டளையைப் போட்டு, ரூட் என்னும் முழு அதிகாரக் கணக்கில் திறந்தால் சரியாகிவிடும். இது தவறு. தவறு என்பதைவிட, கெடுதல்.

கல்லூரி லேபில் நடப்பதையே பாருங்கள். ஆர்டுயினோ போர்டைச் செருகி புரோகிராமை ஏற்றப் போனால் 'பெர்மிஷன் டினைட்' என்று வருகிறது. உடனே டெர்மினலில் சூடோ போட்டு முழு ஆர்டுயினோ செயலியையும் ரூட்டாகத் திறக்கிறார்கள். ஏறிவிடுகிறது. ஆனால் அங்கே இருந்த குறை மிகச் சிறியது. உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றிலும் அந்த சீரியல் போர்ட் 'டயல்அவுட்' என்ற குழுவுக்கு உரியது. மாணவரின் கணக்கு அந்தக் குழுவில் இல்லை, அவ்வளவுதான். யூசர்மாட் கட்டளையால் ஒருமுறை சேர்த்துவிட்டு லாக் அவுட் செய்து வந்தால் பிரச்சினை தீர்ந்தது. அதை விட்டுவிட்டு ரூட் கொடுப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை.

நெட்வொர்க் போக்குவரத்தை ஆராயும் வயர்ஷார்க்கை ரூட்டாகத் திறப்பது இன்னும் மோசம். நெட்வொர்க்கிலிருந்து பாக்கெட்டைப் பிடிக்க மட்டுமே கூடுதல் உரிமை வேண்டும்; அதற்கென்றே 'டம்ப்கேப்' என்ற சிறு நிரலைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிடித்ததைப் பிரித்துப் படிக்கும் பெரும்பகுதிக்கு ரூட் தேவையே இல்லை. அந்தப் பகுதியில்தான் பாதுகாப்புப் பிழைகள் திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கின்றன. யாரோ அனுப்பும் பாக்கெட்டைப் படிக்கிற நிரலுக்கு ரூட் கொடுப்பது வேண்டாத வினை.

"பாஸ்வேர்டு போடுவது நான்தானே, அதிகாரமும் என்னிடம்தானே இருக்கிறது?" என்கிறார்கள். இல்லை. அதிகாரம் செயலிக்குப் போகிறது. ஜிடிகே, க்யூடி, படம் திறக்கும் நூலகம், எழுத்துரு, பிளகின் என்று அதோடு ஒட்டிவரும் லட்சக்கணக்கான வரிகளுக்கும் போகிறது. பழைய எக்ஸ்11 திரையில் ஒரு செயலி இன்னொரு செயலியின் விசைத்தட்டலைப் படிக்கலாம், அதற்குள் தானே தட்டவும் செய்யலாம். ரூட்டாகத் திறந்த ஒரு ஜன்னல், பக்கத்தில் ஓடும் சாதாரண செயலிகள் அத்தனைக்கும் திறந்த வாசல். எக்ஸ்11-க்கு மாற்றாக வேலண்ட் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2017-இல் உபுண்டு 17.10 அதற்கு மாறியபோது, ரூட்டாக ஓடும் சினாப்டிக்கும் ஜிபார்ட்டடும் திறக்கவில்லை. உடனே 'எக்ஸ்ஹோஸ்ட்' கட்டளையைப் போட்டு அந்தக் காவலைத் தளர்த்தும் வழிதான் பரவியது. அதே ஆண்டில் கேட் எடிட்டர், டால்ஃபின் கோப்பு மேலாளர் இரண்டும் ரூட்டாகத் திறக்க மறுத்தன. 2018-இல் டெபியன், சூடோவின் வரைகலை வடிவமான ஜிகேசூடோவையே நீக்கியது. இவற்றைச் செய்தவர்கள் பயனரைப் படுத்த நினைத்தவர்கள் அல்லர்.

தேவையான வேலைக்கு மட்டும் ரூட் உரிமை கொடுக்கும் பால்கிட்டிலும் ஓட்டை இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. 2009-லிருந்து அதன் பிகேஎக்ஸெக் நிரலில் ஒளிந்திருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. ரூட் உரிமையோடு ஓடவென்றே கவனமாக எழுதிய சிறு நிரலிலேயே பன்னிரண்டு ஆண்டு ஒரு பிழை தப்பியிருக்கிறது என்றால், அந்த எண்ணமே இல்லாமல் எழுதிய பெரிய செயலியை எப்படி நம்புவது?

"என் போட்டோ, என் புராஜெக்ட் எல்லாம் என் கணக்கில்தான் இருக்கிறது, ரூட் போனால் என்ன?" என்பதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் ரூட் கிடைத்த தீநிரல் தன்னையே மறைத்துக்கொள்ளும். அதன்பின் அந்த மெஷின் காட்டும் எதையும் நம்ப முடியாது. திருடன் வராமலேயே வரும் நஷ்டம் வேறு. சூடோ போட்டுத் திறந்த எடிட்டரில் புதுக் கோப்பைச் சேமித்தால், மறுநாள் சாதாரணமாகத் திறக்கும்போது சேமிக்க விடாது. 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தால் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் 'ரூட்' என்று இருக்கும். அதற்கு மருந்தாக மொத்த ஃபோல்டருக்கும், யாரும் எழுதலாம் என்ற 777 அனுமதியைக் கொடுக்கிறார்கள்; தலைவலி போய்த் திருகுவலி. தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு தொல்லை: தட்டச்சு மொழியை மாற்றித்தரும் ஐபஸ் உங்கள் கணக்கில் ஓடுவதால், ரூட்டாகத் திறந்த எடிட்டரில் பல நேரம் தமிழ் தட்டச்சே வராது.

சிஸ்டம் கோப்பைத் திருத்த சூடோஎடிட் இருக்கிறது. கோப்பின் நகலை உங்கள் கணக்கிலேயே எடிட்டரில் திறந்து, முடித்ததும் உரிய இடத்தில் வைத்துவிடும். ரூட் உரிமை அந்த நகலெடுப்புக்கு மட்டும்தான்.

விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறது. அங்கே வகுப்பெடுக்கும் நண்பர்களிடமும், விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளின் லேப் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். சூடோவைச் சொல்லித்தருவதற்கு முன்னால் குழு, உடைமை, அனுமதி மூன்றையும் சொல்லிக்கொடுங்கள். 'பெர்மிஷன் டினைட்' வந்தால், எந்தக் கோப்பு, யாருக்குச் சொந்தம் என்று முதலில் பார்க்கப் பழக்குங்கள்.