மானுக்கும் பன்றிக்கும் சின்ன ரைஃபிள் வாங்கலாமா? குன்றத்தூர் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு விளக்கம்

இரவு முழுக்கப் பரணில் உட்கார்ந்து, விடியும் நேரத்தில் கொஞ்சம் கண் அசந்துவிடுகிறீர்கள். எழுந்து பார்த்தால் வேர்க்கடலைப் பாத்தி உழுது போட்டதுபோல் கிடக்கிறது. அந்த நேரத்தில் யாருக்கும் வரும் எண்ணம், "கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்" என்பதுதான். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் .223 போன்ற சின்னக் குழல் ரைஃபிளை வைத்து ஒரே வெடியில் மானைச் சாய்க்கும் வீடியோக்கள் எல்லோருடைய கைபேசியிலும் ஓடுகின்றன. "சத்தம் குறைவு, உதைப்பு குறைவு, நமக்கும் இது போதுமே, உரிமம் கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மானைச் சுட உங்களுக்கு வழியே இல்லை. காட்டுப்பன்றியைச் சுட அரசு வழி விட்டிருக்கிறது, ஆனால் சுடப்போவது நீங்கள் இல்லை. இதற்கு மேல் ஒரு செய்தி 2025 நவம்பரில் வந்தது. குன்றத்தூர் விவசாயிக்கு துப்பாக்கிப் பேச்சைவிட அதுதான் முக்கியம். முதலில் துப்பாக்கி விஷயத்தை முடித்துவிடுவோம்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. புள்ளிமான், வெளிமான் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளிமான் மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. 'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளும் பெரியது. சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். 1998-இல் ஜோத்பூர் அருகே வெளிமானைச் சுட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 20 ஆண்டு கழித்து, 2018-இல், 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது நினைவிருக்கும். அதை ஒட்டிய ஆயுதச் சட்ட வழக்கில் பேசப்பட்ட துப்பாக்கிகளில் ஒன்று .22 ரைஃபிள். அந்த வழக்கில் அவர் 2017-இல் விடுதலையானார். மான் வழக்கு மட்டும் விடவில்லை.

சட்டம் விவசாயியை முழுதாக மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 11-ஆம் பிரிவில், சில விலங்குகள் மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தானால் அவற்றை வேட்டையாட தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. அந்தச் சொத்து என்பதில் நிலத்தில் நிற்கும் பயிரும் அடங்கும் என்று எழுத்திலேயே உள்ளது. ஆனால் அனுமதி எழுத்தில், காரணத்தோடு வரவேண்டும். தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தில் விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்ற விலக்கு தனி. அதைப் பயிருக்கு நீட்ட முடியாது.

அடுத்தது ஆயுதச் சட்டம், 1959. அதன் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய காலத் துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரிக்குத் தோன்றினால் வழவழப்பான குழல் உள்ள வேறு துப்பாக்கி தரலாம். குழலுக்குள் முறுக்கு வரி ஓடும் ரைஃபிள் அந்த வரிசையில் இல்லை. அதற்கு நீங்கள் வேறு தகுந்த காரணம் காட்டி அதிகாரியை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். "பன்றி வருகிறது" என்ற காரணம் அங்கே எடுபடும் என்று நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

ஏர்கன் பற்றி ஒரு வார்த்தை. 4.5 மி.மீ. குழலுக்கு மேற்படாமல், 20 ஜூல் விசைக்கும் மேற்படாமல் இருந்தால் உரிமம் வேண்டாம் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. உரிமம் வேண்டாம் என்பது துப்பாக்கிக்கு மட்டும்தான். அதே ஏர்கன்னால் மானைச் சுட்டால் வேட்டை வேட்டைதான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சின்ன ரைஃபிள் உண்மையிலேயே இந்த வேலைக்கு ஆகுமா என்று பார்ப்போம். சென்டர்ஃபயர் என்றால் தோட்டாவின் அடிப்புறத்தில் நடுவிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் வகை. .223 ரெமிங்டன் அதில் ஒன்று. குண்டின் குறுக்களவு 5.7 மி.மீ., எடை மூன்றரை கிராம் அளவுதான், ஆனால் நொடிக்கு ஏறக்குறைய 990 மீட்டர் வேகத்தில் கிளம்பும். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளில் போடும் 5.56 தோட்டா இதன் உடன்பிறப்பு. எடை குறைவு, வேகம் அதிகம் என்பதால் நரி அளவு விலங்குக்கு இது போதும். மானின் தோள் எலும்பில் பட்டால், மெல்லிய உறை உள்ள குண்டு அங்கேயே சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிடும். மான் ஓடிவிடும், இரண்டு நாள் கழித்து எங்கோ புதரில் சாகும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த தோல் கவசம் வேறு. அடிபட்ட பன்றி ஓடாமல் திரும்பினால் என்ன ஆகும் என்று கிராமத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளே இதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1991 மான் சட்டப்படி, மானைச் சுடும் ரைஃபிள் .240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குண்டு கிளம்பும்போது 1700 அடி-பவுண்டு விசையாவது இருக்க வேண்டும். நாய் உயரமே உள்ள முண்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டுக்கு மட்டும் 2007-இல் .220 வரை தளர்த்தினார்கள். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சாஸில் .223 செல்லும், கொலராடோவில் மானுக்கு .24-க்குக் கீழே செல்லாது. வீடியோவில் நீங்கள் பார்ப்பது டெக்சாஸா கொலராடோவா என்று யார் சொல்கிறார்கள்?

இன்னொன்று, இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள சிக்கல். ரைஃபிள் குண்டு குறி தவறினால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போகக்கூடியது. குன்றத்தூரில் முருகன் கோயில் குன்றை விட்டால் குண்டைத் தடுக்கும் மேடு எது இருக்கிறது? செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று மேற்கே பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை வயல், பிளாட், தொழிற்சாலை, தொழிலாளர் விடுதி, மறுபடி வயல். பன்றி வரும் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ்களும் அந்தச் சாலையில் வருகின்றன. இங்கே ரைஃபிள் வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி பன்றிக்கு வருவோம். 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாடு இது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடலாம். விவசாயியின் கையில் துப்பாக்கி தரும் இடம் இந்த மூன்றில் எதிலும் இல்லை.

வெளி மாநிலங்கள் வேறு மாதிரி போயின. கேரளத்தில் 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்கே காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போதவில்லை என்ற குறை அங்கே உடனே எழுந்தது. பீகாரில் 2015 இறுதியில் சில மாவட்டங்களில் நீல்காய் மானைத் தொல்லை விலங்கு என்று மத்திய அரசு அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமாவில் ஹைதராபாத்திலிருந்து வந்த சுடுநர்கள் 200-க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். அது டெல்லியில் இரண்டு மத்திய அமைச்சர்களுக்குள் பகிரங்கச் சண்டையாக முடிந்தது. அங்கேயும் சுட்டவர் நிலத்துக்காரர் அல்ல.

நம் ஏற்பாட்டில் குன்றத்தூர்க்காரர் கவனிக்க வேண்டியது அந்த 3 கி.மீ. கணக்கை. மலையடிவாரத்தில் பன்றி காட்டிலிருந்து இறங்கி வரும், காட்டுக்குத் திரும்பும். இங்கே அப்படியில்லை. தூர்ந்துபோன ஏரிக்குள் மண்டிய சீமைக்கருவேலம், ஆண்டுக்கணக்கில் வேலி போட்டுக் காலியாகக் கிடக்கும் மனை, கட்டாமல் விட்ட தொழிற்சாலை நிலம், இவைதான் மறைவிடம். உங்கள் வயல் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்த மண்டலம் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வாய்மொழிப் பதில் பின்னால் உதவாது.

அதற்கும் முன்னால், வந்தது எந்தப் பன்றி என்று பாருங்கள். குன்றத்தூர் 2021-இல் நகராட்சியாகிவிட்டது. சுற்றுப்புறத்தில் குப்பைமேட்டை நம்பித் திரியும் வளர்ப்புப் பன்றிகளும் வயலுக்கு வரலாம். முதுகில் பிடரிமயிர் குத்திட்டு நின்று, மூக்கு நீண்டு, வால் நேராக இருந்தால், குட்டிகளின் உடம்பில் கோடு இருந்தால் அது காட்டுப்பன்றி. வளர்ப்புப் பன்றி என்றால் வனத்துறையிடம் போய்ப் பயனில்லை. நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ மனு கொடுத்து, வளர்ப்பவர் மீது நடவடிக்கை கேட்க வேண்டும். இரண்டும் கலந்து வந்தால் இரண்டு இடத்திலும் மனு கொடுங்கள்.

இப்போது நவம்பர் செய்திக்கு வருவோம். வன விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்க 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து இது நடைமுறை. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீட்டோடு எடுத்த படங்களைப் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் ஏற்ற வேண்டும். இதுவரை "பன்றி தின்றதற்குக் காப்பீடு இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் அல்லது காப்பீட்டுப் பகுதி என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். பழைய சேதப் பதிவுகளை வைத்துத்தான் அந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். நீலகிரிக்கும் கோயம்புத்தூருக்கும் பதிவுக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்தைத் தொழிற்சாலைப் பகுதியாகவே பார்த்துப் பழகியவர்கள், அங்கே பன்றிச் சேதம் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள். நாம் சேதத்தைப் பேசுகிறோம், எழுதிக் கொடுப்பதில்லை. கால் ஏக்கர் போனதற்கு யார் அலைவது என்று விட்டுவிடுகிறோம். எழுதிக் கொடுக்காத கால் ஏக்கர்கள் அரசின் கணக்கில் சேதமே இல்லை.

அதனால் தொகை வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு சேதத்துக்கும் மனு கொடுங்கள். ஒரு நகல் வனச்சரக அலுவலகத்துக்கு, ஒன்று கிராம நிர்வாக அலுவலருக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில். சர்வே எண், பயிர், பரப்பு, தேதி, கால்தடத்தின் படம் இருக்கட்டும். கால்தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் தனி மனுவாகக் கொடுக்கச் சொல்லுங்கள், கூட்டு மனு ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

வேலி பற்றிச் சுருக்கமாக. மான் தாண்டாமல் இருக்க ஆறரை, ஏழு அடி உயரம் வேண்டும். பன்றி கீழே தோண்டும் என்பதால் கம்பிவலையின் அடியை ஒரு அடியாவது மண்ணில் புதைக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலியில் விடுவது கொலைக்குச் சமம். விடியற்காலையில் அந்த வழியே ஏரிக்குப் போகிறவர் உங்கள் சொந்தக்காரராகவே இருக்கலாம். விட்டு விட்டு அதிர்ச்சி தரும் முறையான சூரிய மின்வேலிக்கும் 2023-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது, வனத்துறையில் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவுட்டுக்காய் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வயல் பக்கமே விடாதீர்கள். அதைக் கடிப்பது பன்றியாக இல்லாமல் உங்கள் மாடாகவும் இருக்கலாம்.

வயலில் மான் அடிபட்டுக் கிடந்தால், நாய் துரத்தி வந்து விழுந்தால், தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். நாய்களை விரட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில் தூக்கினாலும், மான் செத்துப்போனால் அது யார் கையில் இருந்தது என்ற கேள்விதான் முதலில் வரும்.

கடைசியாகக் குத்தகைக்காரர்களுக்கு. இந்த வட்டாரத்தில் பட்டா சென்னையில் இருப்பவர் பெயரிலும், ஏர் உங்கள் கையிலும் இருக்கும் நிலம் நிறைய. பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயியும் சேரலாம். ஆனால் இந்தப் பருவத்து அடங்கலில் அந்த சர்வே எண்ணில் என்ன பயிர், சாகுபடி செய்பவர் யார் என்பது சரியாக ஏறியிருக்க வேண்டும். "தரிசு" என்று பதிவாகியிருந்தால் உங்கள் படங்களும் மனுக்களும் வீண். விதைத்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்தப் பதிவைப் பார்த்துவிடுங்கள்.