நான் போட்ட ஒரு ‘இல்லை’

போன வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். இருபத்து நாலு வயதிருக்கும். முகவர் தேர்வில் பாஸாகி இன்ஷூரன்ஸ் வேலையில் இறங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. “அண்ணாச்சி, சொந்தக்காரங்க வீடெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி யார்ட்ட போறதுன்னு தெரியல” என்றான். எல்லா முகவரும் வந்து நிற்கிற இடம் அது. மாமா ஒரு பாலிசி, சித்தப்பா ஒரு பாலிசி, கூடப் படித்தவன் ஒரு பாலிசி. அதோடு தெரிந்த வாசல்கள் தீர்ந்துபோகும்.

ஆள் பிடிக்கும் வழி எதையும் நான் அவனுக்குச் சொல்லவில்லை. பையில் இருந்த பிரபோசல் ஃபார்மை எடுக்கச் சொன்னேன். உடல்நலக் கேள்விகள் அச்சிட்ட பக்கத்தைப் பிரிக்கச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் அவனிடம் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

2001-ல் அருப்புக்கோட்டையில் நான் முகவரானேன். அப்போது 100 மணி நேரப் பயிற்சி கட்டாயம், அதன்பிறகு தேர்வு. பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரலாறு இன்றும் நினைவிருக்கிறது. 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, டால்மியா குழுமத்தின் கையில் இருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர்களின் பணம் எங்கெல்லாம் போனது என்று கணக்கோடு பேசினார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-ம் தேதி, அவசரச் சட்டம் வந்தது. 245 நிறுவனங்களை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. நாற்பத்து நாலு வருடம் கழித்து, 2000-ல்தான் தனியாருக்கு மறுபடி கதவு திறந்தது. கதவு திறந்த அந்தச் சமயத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். அடுத்தவர் பணத்தைக் கையில் வாங்குகிற தொழிலில் நாணயம் தவறினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தந்தார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். மனதில் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருடம், மார்ச் மாதக் கடைசி. எனக்குக் கொடுத்திருந்த இலக்குக்கு இன்னும் ஒரு பாலிசி வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் நூல் கடை வைத்திருந்த அண்ணாச்சி, நான் கேட்டதும் சரி என்றார். ஐந்து லட்சத்துக்குப் பாலிசி. கடை மேஜையிலேயே ஃபார்மை வைத்து நிரப்பினேன். “சுகருக்கு மாத்திரை போடுறேனே தம்பி, அதை எழுதணுமா?” என்று அவரே கேட்டார். எழுதினால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், கூடுதல் பிரீமியம் போடுவார்கள், மார்ச் 31 தாண்டிப்போகும். “அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பதினாலு மாதத்தில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். பாலிசி எடுத்துக் கொஞ்ச காலத்திலேயே மரணம் என்றால் விசாரணை இல்லாமல் பணம் வராது. மதுரை ஆஸ்பத்திரி ரிக்கார்டில் ஆறு வருடச் சர்க்கரை இருந்தது. ஃபார்மில் ‘இல்லை’ இருந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. தவறு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அவருடையது, ஆகவே பதிலும் அவருடையதுதான் என்று பதில் வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், திட்டவில்லை. “நீங்க அவர்ட்ட கேட்டுத்தான எழுதினீங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார். “அவர் சொன்னார் மதினி. நான்தான் எழுதல” என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். பிள்ளைகள் படிப்புக்கென்று பிறகு நான் கொடுத்தனுப்பிய பணத்தை அவர் வாங்கவே இல்லை.

இப்போது சட்டம் பாலிசிதாரர் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2015-ல் திருத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. நல்ல சட்டம். ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் மரணம் வந்தால், முகவர் போட்ட டிக் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விடியும்.

அண்ணாச்சியின் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டதிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பேன். ஒரு அரசு பஸ் டிரைவர் வீட்டில் ரத்த அழுத்தக் கேள்வி வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மாத்திரை சாப்பிடுவது மனைவிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடுதல் பிரீமியம் போட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். இன்று வரை நன்றாக இருக்கிறார், சந்தோஷம். ஆனால் அவர் டிப்போவில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்: “அந்த ஆளு எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேட்டு எழுதுவாரு.” அந்தப் பேச்சைக் கேட்டே டிப்போவிலிருந்து என்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஆனாலும் அந்த வருட மார்ச்சில் என் இலக்கை எட்டவில்லை. அடுத்த மார்ச்சிலும் எட்டவில்லை. அதற்குப் பிறகு மார்ச்சை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

உறவு என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய் மொய் எழுதுவது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் என் அனுபவத்தில் உறவு பிறப்பது பிரீமியம் கட்டும் தேதி தாண்டிய நாட்களில். மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் கிரேஸ் உண்டு. அந்த நாட்களுக்குள் மரணம் நேர்ந்தாலும் கட்ட வேண்டிய தவணையைக் கழித்துக்கொண்டு பணம் கொடுப்பார்கள். அதற்கு மறுநாள் என்றால், புதுப் பாலிசியாக இருந்தால் ஒன்றுமே இல்லாமல் போகலாம். தறிக்காரர் வீடுகளில் நூல் வராத மாதங்கள் இருக்கும். அப்போது பிரீமியம்தான் முதலில் நிற்கும். அந்த மாதங்களில் இருபத்தைந்தாம் நாள், இருபத்தேழாம் நாள் என்று சைக்கிளில் போய் நிற்பேன். “இருந்தா கட்ட மாட்டமா அண்ணாச்சி?” என்று எரிச்சல்படுவார்கள். அரையாண்டுத் தவணையைக் காலாண்டாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு எனக்குத் தனியாக வருமானம் கிடையாது. ஆனால் அந்தப் பாலிசி உயிரோடு இருக்கும்.

“முதல் பிரீமியத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீங்க?” என்று கேட்கும் வீடுகள் நிறைய. ஜவுளிக்கடைத் தள்ளுபடி போலக் கேட்பார்கள். கமிஷனில் பங்கு கொடுப்பதும் வாங்குவதும் 41-வது பிரிவின்படி குற்றம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவை ஃபார்மிலேயே அச்சடித்திருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. முகவருக்கு முதல் வருடம்தான் பெரிய கமிஷன். அடுத்த வருடங்களில் சிறு சதவீதம், ஆனால் பாலிசி ஓடும் வரை தொடர்ந்து வரும். முதல் வருடக் கமிஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்ட முகவர் அடுத்த வருடம் உங்கள் தெருப்பக்கம் எதற்கு வரப்போகிறார்? தள்ளுபடியாக வாங்கிய இரண்டாயிரம் ரூபாய்க்கு, கிளெய்ம் நாளில் கூட நிற்க வேண்டிய ஆளை நீங்கள் விற்றுவிடுகிறீர்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்றும் நடந்தது. பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்த 2005, 2006, 2007-ல் பிரீமியத்தைச் சந்தையில் போடும் யூலிப் பாலிசிகளை “மூணு வருஷம் கட்டினா போதும்” என்று ஊர் ஊராக விற்றார்கள். பல திட்டங்களில் முதல் வருடப் பிரீமியத்தில் பெரும்பங்கு செலவுக் கணக்கிலேயே போனது. 2008-ல் சந்தை சரிந்தபோது, போட்டதில் பாதிகூட இல்லையே என்று பாலிசி எடுத்த வாத்தியார்கள் பாண்டு பேப்பரை எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். 2010 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் கட்டணங்களுக்கு உச்சவரம்பு வைத்தது, பணத்தை எடுக்கக் குறைந்தது ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்றாக்கியது. அதற்குள் சக முகவர்கள் சிலர் கடைத்தெருவுக்குப் போக முடியாமல் சுற்றுவழியில் வீடு திரும்பியதை நான் பார்த்தேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், நல்ல உழைப்பாளிகள். இரண்டே வருடத்தில் தொழிலை விட்டே போனார்கள்.

உற்சாகமாக இரு, இல்லை என்ற சொல்லைக் காதில் வாங்காதே என்று கூட்டங்களில் கைதட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேண்டாம் என்கிறவர் பெரும்பாலும் காரணத்தோடுதான் சொல்கிறார். அதைக் காதில் வாங்க வேண்டும். கடன் வாங்கி வீடு கட்டுகிற முப்பது வயதுக்காரருக்குச் சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி வேண்டாம். அதைவிடக் குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்கு, உயிருக்கு மட்டும் காப்பு தரும் டேர்ம் பாலிசி போதும். அதில் எனக்குக் கமிஷன் குறைவு. அதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு முகம் வாடாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தால், அதுதான் நான் அறிந்த நம்பிக்கை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா ஃபார்ம்ல ஒண்ணு விட்டிருக்கேன் அண்ணாச்சி” என்றான். பாண்டு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். பன்னிரண்டு நாள். பாலிசியைத் திருப்பிக் கொடுக்க இன்று 30 நாள் அவகாசம் இருக்கிறது. அன்றைக்கே மாமா வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒரு பாண்டு இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். கூடவே நீங்கள் கையெழுத்துப் போட்ட பிரபோசல் ஃபார்மின் நகலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உடல்நலக் கேள்விகளுக்கு உங்கள் பெயரில் யாரோ எழுதிய பதில்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒன்று தவறாக இருந்தாலும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், முகவருக்கும் போன் போடுங்கள்.